ஃபோல்டிட்டில் புள்ளி ஏறாமல் நின்றால்

புரதத்தைத் திரையில் மடித்து, சரியான வடிவம் தேடிப் புள்ளி சேர்க்கும் கணினி விளையாட்டு ஃபோல்டிட். அதை யாரும் ஆடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உண்மைதான், ஆனால் ஆடும் முறையைச் சொல்லவில்லையே! நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிளஸ் டூ உயிரியல் எடுக்கும் ஆசிரியர்கள் அவசியம் முயன்று பாருங்கள். கணினியில் நிறுவி, மாணவர்களை முதலில் அறிமுகப் புதிர்களை முடிக்க வையுங்கள். ஆரஞ்சு நிறப் பக்கச்சங்கிலிகள் (புரதத்தின் முதன்மைச் சங்கிலியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள்) நீரை வெறுப்பவை, உள்ளே போகவேண்டும்; நீலம் வெளியே. பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். எடுத்ததும், புரதத்தைத் தானாக அசைத்துச் சீராக்கும் 'விகிள்' பொத்தானை அழுத்தினால் புள்ளி கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டி, வடிவம் அப்படியே சிக்கிக்கொள்கிறது. அணு மோதலுக்கு விளையாட்டு தரும் முக்கியத்துவ அளவைக் குறைத்து, பக்கச்சங்கிலிகளை மட்டும் அசைக்கும் 'ஷேக்' கொடுங்கள், பிறகு அந்த அளவைப் படிப்படியாகக் கூட்டி 'விகிள்'. திரும்பவும் அதே சுற்று. 2011இல் குரங்கு வைரஸ் ஒன்றின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) வடிவத்துக்கு வழிகாட்டியவர்கள் இந்த விளையாட்டை ஆடியவர்களே. கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் இடையிடையே சேமித்துக்கொள்ளுங்கள்.