ஊசி படாத கட்டியும் சுருங்கியது

"புற்றுநோய்க்கு ஒரே ஊசி, வந்துவிட்டது மரபணு சிகிச்சை" என்ற செய்தியை ஒரு தோழி எனக்கு அனுப்பி, "அப்பாவுக்கு இது கிடைக்குமா?" என்று கேட்டாள். அவள் அப்பாவுக்கு மெலனோமா, அதாவது தோலில் தொடங்கும் புற்றுநோய். நுரையீரலுக்கும் பரவிவிட்டது. அந்தத் தலைப்பை எழுதியவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

செய்தியில் இருந்த மருந்து டி-வெக். அதன் வேலை உண்மையிலேயே அற்புதமானது. உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸில் நரம்பைத் தாக்க உதவும் மரபணுவை நீக்கிவிட்டு, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மனிதப் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்தார்கள். கட்டிக்குள் ஊசியால் செலுத்தினால் வைரஸ் பெருகிப் புற்றுசெல்லை உடைக்கும். அந்தப் புரதம், எதிரியை அடையாளம் காட்டும் எதிர்ப்பு செல்களான டென்ட்ரிடிக் செல்களை அங்கே வரவழைக்கும். அவை சிதறிய துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், எதிரியைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களிடம் "இதுதான் எதிரி" என்று காட்டிக்கொடுக்கும். அப்புறம் டி செல்கள் உடம்பு முழுக்கத் தேடும். நோய் பல இடங்களில் சிதறிய பிறகு கத்தியால் துரத்த முடியாது, எதிர்ப்பு சக்தியால் முடியும். எனக்கு இந்த வழிமேல் இவ்வளவு நம்பிக்கை இருப்பது இதனால்தான்.

436 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்ட கட்டிகளில் 64 சதவீதம் பாதியளவாவது சுருங்கின. ஊசியே படாத கட்டிகளில், உள்ளுறுப்புகளுக்கு வெளியே இருந்தவற்றில் 34 சதவீதமும், உள்ளுறுப்புகளில் இருந்தவற்றில் 15 சதவீதமும் அதேபோலச் சுருங்கின. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

சரி, தலைப்பில் வராத கணக்கு? ஆறு மாதமாவது நீடித்த பலன் மொத்தத்தில் 16 சதவீதம் பேருக்குத்தான். தோல், நிணநீர்க் கணு அளவில் நின்ற மூன்றாம் நிலைக்காரர்களில் அது 33 சதவீதம். நுரையீரலுக்குப் பரவியவர்களில் வெறும் 3. இதை எல்லா வழியும் அடைபட்ட பிறகு தேடும் கடைசி ஊசியாக எழுதுவது தவறு. உள்ளுறுப்புக்குப் போகும் முன்பே யோசிக்க வேண்டிய சிகிச்சை இது. எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வும் எதிர்பார்த்த கூடுதல் பலனைத் தரவில்லை. அந்தத் தோல்வி எத்தனை பேருக்குச் செய்தியாக வந்தது?

தோழியிடம் அந்த 3 சதவீதத்தை மறைக்காமல் சொன்னேன். வெகுநேரம் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் டாக்டரிடம் எதைக் கேட்கட்டும்?" என்றாள். பெம்ப்ரோலிசுமாப் போல எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். 2018 நோபல் பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் போனது. பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.