படகை வாங்குகிறீர்கள், அதில் போன ஆளை?

கடலடியை வாரும் வலையை இழுத்துப் போகிற இழுவைமடி விசைப்படகுகளை அரசு பணம் கொடுத்து வாங்கி விலக்குவது பற்றித்தான் பேச்சு. கோத்தகிரி மலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி உனக்கென்ன பேச்சு என்று கேட்பீர்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. மண்டபம் முகாமிலிருந்து எல்லாரும் நீலகிரிக்குத் தேயிலை பறிக்க வந்துவிட்டோம். சித்தி மட்டும் ராமேஸ்வரம் பக்கம் வாக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். சித்தப்பா முப்பது வருஷமாக அப்படியொரு விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சம்பளத்துக்குப் பதில் பிடிபட்டதில் ஒரு பங்கு. சொந்தப் படகு கிடையாது.

இழுவைமடிப் படகுகளை அரசு பணம் கொடுத்து வாங்கிக்கொள்வது தேவைதானா என்றால், தேவைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது கடற்கரையில் சங்காயம் காயப்போட்டிருந்தார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். சுண்டு விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள், நண்டுக் கால், ஒரு கடல்குதிரை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் அந்தக் குஞ்சுகள் சந்தையில் நல்ல விலைக்குப் போயிருக்கும். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிற பாக் நீரிணை ஆழமில்லாத கடல், மடி தரையைத் தொட்டு வாரிக்கொண்டு வந்துவிடுகிறது. விசைப்படகுக்கு வாரத்தில் மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துப் பார்த்தாயிற்று. வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது. படகு குறையாமல் மீன் பெருகாது. அக்கரையில், இலங்கையில் மீன்பிடிக்கிற தமிழனின் வலையை நம் மடி அறுப்பதும் நிற்காது. 2017-இல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

அதே 2017-இல்தான் இங்கே ஆழ்கடல் திட்டம் வந்தது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கிற புதுப் படகை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது வைத்த விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, படகுக்காரர் கைக்காசு 10. அதாவது எட்டு லட்சம் ரொக்கம், பதினாறு லட்சம் கடன். காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவரிடம், நாள்கணக்கில் நடுக்கடலில் தங்கச் சொல்கிறோம். தயங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2003-இல் 91 படகுகளை மீன்பிடி அனுமதியோடு சேர்த்து வாங்கி விலக்கினார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். தொழிலில் மிஞ்சியவர்கள் தாங்கள் கரைக்குக் கொண்டுவருகிற மீனின் விலையில் ஒரு பங்கைக் கட்டி அதை அடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அங்கே அது நியாயமாக இருக்கலாம். இங்கே மிஞ்சப்போவது நாட்டுப்படகுக்காரர். இத்தனை வருஷம் வலை அறுபட்டவரிடம் போய்க் காசு கேட்க முடியாது.

ஆனால் என் கோபம் வேறு இடத்தில். படகை ஒப்படைத்தால் பணமோ புதுப் படகோ உரிமையாளருக்கு. அதில் போன அஞ்சாறு பேருக்கு? சித்தப்பாவிடம் கேட்டேன். "நமக்கென்னடா, வேற படகு தேடணும்" என்றார். அறுபதை நெருங்குகிற ஆள் வேறு படகு தேடுகிறார்!

இது எங்களுக்குப் புதிதில்லை. இங்கே அம்மா வேலை செய்த தோட்டத்தில் ஒரு பகுதியை மூடியபோது, பேர் பதிந்தவர்களுக்கு மட்டும் கணக்குத் தீர்த்தார்கள். அம்மா பதினோரு வருஷம் தற்காலிகமாகக் கொழுந்து பறித்தவர். பட்டியல் ஒட்டிய அன்று மழையில் நின்று மூணு தடவை படிக்கச் சொன்னார். நான் மூணு தடவையும் படித்தேன். பேர் இல்லை.

பங்குக்குப் போகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது, யார் வேண்டுமானாலும் வந்து நிற்பானே என்று சாக்குச் சொல்லாதீர்கள். தடைக்கால நிவாரணம் சித்தி வீட்டுக்கும் வருகிறது. படகில்லாத மீனவக் குடும்பங்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. அதை எடுத்து வையுங்கள். படகை ஒப்படைக்கிற அன்றைக்கு, உரிமையாளர் கைக்குப் பணம் போகிற அதே நாளில், அந்தப் படகில் போன ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் பங்கு ஏற வேண்டும்.