பேக்கப் இருக்காம்! எழுப்பிக் காட்டுங்க பார்ப்போம்

"பேக்கப் எல்லாம் ஓடுதா?" என்று கேட்டால் உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். வரிசையாகப் பச்சை டிக். ஆடிட்டரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அட, பேக்கப் ஜாப் ஓடியதா என்று யாரய்யா கேட்டது? கடைசியாக எப்போது ரெஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்டு எழுப்பிப் பார்த்தீர்கள்? அங்கே மட்டும் மூச்சுப் பேச்சு இருக்காது.

ஏதோ ஒரு ஃபைலை எங்கேயோ எழுதியாச்சு, அந்தப் பச்சை டிக்குக்கு அவ்வளவுதான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே காப்பி பண்ணினாலும் டிக் விழும். திறக்கும்போதுதான் பல்லிளிக்கும்.

2017 ஜனவரி 31, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம். செகண்டரி (நகல்) என்று நினைத்து பிரைமரி (அசல்) டேட்டாபேஸின் டைரக்டரியையே அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடினால், அதை வைக்கும் அமேசான் கிளவுட் இடமான எஸ்3 பக்கெட் காலி! டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, அதை மொத்தமாக ஃபைலில் இறக்கும் (டம்ப்) கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் ஃபெயில். சரி, எச்சரிக்கை மெயில் வந்திருக்குமே? போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் அதுவும் அடிபட்டுப் போச்சு. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது. அவர்களாவது நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள்.

அடுத்த கூத்து, பேக்கப் சர்வரும் மற்ற சர்வர்கள் இருக்கும் அதே டொமைனில், அதே அட்மின் பாஸ்வேர்டில்! டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரன் உள்ளே வந்ததும் முதலில் தேடுவதே அதைத்தான். விண்டோஸ் எடுத்து வைக்கும் ஷேடோ காப்பியை அழிக்க ஒரு வரி கமாண்ட் போதும். மூன்று பிரதி, இரண்டு வகை மீடியா, ஒன்று வெளியிடத்தில் என்று 3-2-1 பாடம் ஒப்பிப்பவர்கள், அதில் ஒரு பிரதியாவது ஆஃப்லைனாகவோ அட்மினே நினைத்தாலும் அழிக்க முடியாததாகவோ இருக்கணும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஏழு நாள் பேக்கப் மட்டும் வைத்திருக்கிறீர்கள். திருடன் மூன்று வாரமாக உள்ளே உட்கார்ந்திருந்தால்? எல்லாப் பிரதியிலும் அவனும் இருப்பான். பேக்கப்பைத் திறக்கும் என்கிரிப்ஷன் கீயை அதே சர்வரில் வைத்திருக்கும் புண்ணியவான்களை என்ன சொல்ல!

"நாலு மணி நேரத்துல எழுப்பிடுவோம் சார்." எந்தக் கணக்கில்? 10 டெராபைட்டை 1 ஜிகாபிட் லைனில் இழுத்தால், முழு வேகமான நொடிக்கு 125 மெகாபைட் கிடைத்தாலே 22 மணி நேரம். கிடைக்காது. யார் லாகின் பண்ணலாம் என்று பார்க்கும் ஆக்டிவ் டைரக்டரியும், சர்வர் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் எழாமல் அப்ளிகேஷனும் எழாது. எதை முதலில் எழுப்பணும் என்று எழுதிய டாக்குமெண்ட் எங்கே? விழுந்து கிடக்கும் அதே சர்வரில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த மெஷினில், ஏதாவது ஒரு சர்வரை அடியிலிருந்து எழுப்புங்கள். தினமும் பேக்கப் பார்க்கிறவர் கை வைக்கக் கூடாது. அவர் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்து, பிரிண்ட் எடுத்த தாளை வைத்துக்கொண்டு இன்னொருவர் செய்யட்டும். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று குறியுங்கள். டேபிளில் எத்தனை வரி, கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று ஒப்பிடுங்கள். தினமும் அதில் வேலை செய்யும் ஒருவர் லாகின் பண்ணி ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லையாம். மாதாமாதம் அந்தப் பச்சை டிக் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது!