சாமையைக் குத்துவது யார்?

விவசாயத்தில் புதுமை என்றாலே இப்போது ட்ரோன், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஆப். எனக்கு என்னவோ அப்பாயியின் உலக்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பாயி சாமை குத்துவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சாமையில் உமி அவ்வளவு சுலபமாக விடாது. குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, இரண்டு படி அரிசி சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். ரேஷன் அரிசி ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்ததும் உலக்கையைப் பரணில் போட்டவர், அப்புறம் எடுக்கவே இல்லை. "பாரம்பரிய உணவை விட்டுட்டோமே" என்று மேடையில் யாராவது உருகினால் எனக்குக் கோபம்தான் வரும். உருகுகிறவர் ஒரு நாளாவது குத்தியிருப்பாரா?

கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்ததற்கு மரவள்ளியைக் காரணம் சொல்வார்கள். உண்மைதான். கீழே ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, கிழங்கு போட்டால் காசு. ஆனால் பாதிக் காரணம் உரலுக்குள் கிடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே சிறுதானிய வேலையைத் தொடங்கியபோது, விதையைச் சேகரிப்பதோடு நிற்கவில்லை. உமி நீக்கும் மிஷினை மலைக்கிராமங்களிலேயே வைத்து, நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். விதை வங்கி ஒரு பக்கம், அரிசியாகவும் மாவாகவும் விற்க வழி ஒரு பக்கம். நான் மெச்சுவது இந்தச் சேர்மானத்தைத்தான்.

மிஷின் ஏன் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சாமை உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. உமியை நீக்கிவிட்டால் தவிட்டில் இருக்கும் எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அதனால் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைக்க வேண்டும். பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு யார் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது? நெல் மில்லில் போடலாமென்றால் மணி ரொம்பப் பொடிசு. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று வெள்ளை வெளேரெனத் தீட்டினாலோ சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும், ரேஷன் அரிசியே மேல்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருடம் நம் அரசு நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் கேழ்வரகை உமி நீக்கத் தேவையில்லை, கழுவிக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்தால் போதும். சாமைக்கும் வரகுக்கும் அந்தச் சௌகரியம் கிடையாது. அவற்றையும் ரேஷனுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், கொள்முதல் விலைக்கு முன்னால் எந்த ஊரில் யார் அரைப்பது என்று முடிவாக வேண்டும்.

எங்கள் ஊருக்கும் ஒரு மிஷின் வந்தது. ஏதோ திட்டம், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மூன்று மாதம் ஓடியது. சல்லடை கிழிந்தது. வாங்கி மாட்ட யாரிடம் காசு, சாவி யாரிடம், கரண்ட் பில் யார் பேரில், எதுவும் பேசி வைக்கவில்லை. குத்திப் பழகிய பெண்கள் ஒருவரிடமும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன், அதன் மேல் சாக்கை விரித்து யாரோ சின்ன வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள்.