40 சதவீதம் இல்லையென்றால் மாற்றுத்திறனாளி இல்லையா?

"மருத்துவச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லாவிட்டால் சட்டப்படி மாற்றுத்திறனாளியே இல்லை" என்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தில் சதவீதமே கிடையாது. நீண்டகாலக் குறைபாட்டோடு சமூகத்தின் தடைகளும் சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்தால் போதும். 40 சதவீதம் என்பது அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான்.

பேனா பிடித்தாலே விரல்கள் இறுகிப்போகும் ஒருவர், குடிமைப் பணித் தேர்வெழுத உதவியாளர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 40 சதவீதம் இல்லாவிட்டாலும் அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதனால் 30 சதவீதம் என்று எழுதித் தந்த சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேர்விலோ வேலையிடத்திலோ தேவையான வசதியைக் கேட்க அது கைகொடுக்கும்.