கண்ணில் படும் தண்ணீர்

தண்ணீர்ச் சிக்கனம் அவரவர் குணத்தைப் பொறுத்தது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரில் ஒரு விதமாகவும் சென்னையில் வேறு விதமாகவும் தண்ணீர் செலவழித்தவன் நான்.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில், மழை இறங்கியதும் ஓட்டுத் தூசி கழுவிப் போகட்டும் என்று முதல் மழையை முற்றத்தில் ஓடவிட்டு, பிறகுதான் தண்ணீர் விழும் இடத்தில் அண்டாவை வைத்து, அதன் வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டுவார் அப்பத்தா. அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும். அதில் ஒரு செம்பு எடுத்துக் கால் கழுவியதற்கு வாங்கிய வசவு இன்றும் நினைவிருக்கிறது. அண்டாவில் எவ்வளவு குறைந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருணியும் அப்படித்தான்: எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதே கணக்கு, குடிதண்ணீர் ஊருணியில் எவராவது காலை நனைத்தால் கரையில் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் தண்ணீர், வழியும் சத்தம் கேட்டால்தான் நம் நினைவுக்கு வருகிறது. 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது குழாய் பதித்தவர்களில் எத்தனை பேர் அதை ஆண்டுதோறும் தூர்வாருகிறார்கள்? மண்ணுக்குள் போகும் நீரை யார் எட்டிப் பார்ப்பது!

2018இல் கடும் வறட்சியில் தவித்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்ததோடு, அணைகளின் இருப்பையும் வீடுவாரியான பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தையும் ஊரறிய வெளியிட்டது. அங்கே அச்சத்தோடு அக்கம்பக்கத்துக் கண்ணும் வேலை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது குடம் குடமாக எண்ணிய நாங்கள், மழை பெய்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் மீட்டர் இல்லை. கட்டணம் கூட்டினாலும் எதைக் குறைப்பது என்று தெரிந்திருக்காது.

தெருக்குழாயில் பிடித்து இடுப்பில் சுமந்து வரும் பெண்களுக்குச் சிக்கனம் போதிக்க வேண்டியதில்லை. போதிப்பவர்கள் பெரும்பாலும் குடம் தூக்காத ஆண்கள், என்னையும் சேர்த்து.

போன மாதம் எங்கள் தொட்டியின் பக்கவாட்டில், முற்றத்திலிருந்து பார்த்தால் மட்டம் தெரியும்படி ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தினேன். நேற்றுக் காலை மகள் அங்கிருந்து, "அப்பச்சி, பாதிக்குக் கீழ போயிருச்சு!" என்று கத்தினாள். நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். குழாய் திறந்தே கிடந்தது.