போர்மட் அடிச்சா சரி என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்

கொழும்பில் வீட்டுக் கொம்பியூட்டருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும் போர்மட். தேடல் பக்கம் தானாக மாறுகிறதா? போர்மட். மூலையில் விளம்பரம் குதிக்கிறதா? போர்மட். ஃபேஸ்புக் கணக்கை எவனோ கொண்டு போய்விட்டானா? அதற்கும் போர்மட். பம்பலப்பிட்டிக் கடையில் கொடுத்து, சில ஆயிரம் ரூபாவைக் கட்டி, திரும்ப எடுத்துவந்து "இப்ப நல்ல ஸ்பீடு" என்று பூரித்துப் போவார்கள். கொஞ்ச நாளில் எனக்கு அழைப்பு வரும். "தம்பி, திரும்பவும் அதே கரைச்சல், ஒருக்கா வந்து பாருமன்."

நான் பார்ப்பது கணக்காளர் வேலை. ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பிரிண்டருக்கு வயர் செருகத் தெரிந்தவன் எல்லாம் எஞ்சினியர்தான். வரும் அலுப்புக்கூடப் பரவாயில்லை. உளவு மென்பொருள் என்றால் என்ன, அது வந்தால் எப்படித் தெரியும் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லையே, அதுதான் விசர் பிடிக்க வைக்கிறது.

மாமியின் கதையை எடுங்கள். திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ், உடனே அழுத்துங்கள்" என்று நாள் முழுக்க அறிவித்தல்கள். உள்ளே ஒன்றுமே இல்லை! சீரியல் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது. மாமி அழுத்தியிருக்கிறார். அறிவித்தல் அனுப்பும் அனுமதி அந்தத் தளத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் விஷயம் முடிந்தது. கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போர்மட் அடித்து மகளின் கல்யாணப் படங்களையும் சேர்த்து அழித்துக் கொடுத்தார். "வைரஸ் கனக்க இருந்தது அம்மா" என்றாராம். எங்கே இருந்தது?

அதுபோலத்தான் "ஸ்லோவா இருக்கு, யாரோ உளவு பார்க்கினம்" என்பதும். 4 ஜிபி ராமும் பழைய சுழலும் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு இருபது டேப் திறந்தால் எந்தக் கொம்பியூட்டரும் தவழத்தான் செய்யும்.

உண்மையில் பயப்பட வேண்டியது சத்தம் போடாது. இப்போது புழங்கும் தகவல் திருடிகள் என்ற உளவு மென்பொருள்கள் உள்ளே வந்ததும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், குக்கிகள், கார்ட் விவரங்கள் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிடும். பல வகைகளுக்கு இது சில நிமிட வேலை. வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்பவையும் உண்டு. லும்மா என்ற ஒரே ஒரு திருடியை மட்டும் 2025 மார்ச் 16க்கும் மே 16க்கும் இடையில் 394,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் கண்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அத்தனை வீடுகளிலும் மின்விசிறி இரைந்திருக்கும், மவுஸ் தானாக ஓடியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

ஃபேஸ்புக்கில் சேலை விற்கும் ஒன்றுவிட்ட அக்காவின் பக்கத்தில் ஒருநாள் விளங்காத மொழியில் விளம்பரங்கள் ஓட ஆரம்பித்தன. "எனக்கு ஓடிபிகூட வரேல்லையே, எப்படி உள்ளுக்கு வந்தவன்?" என்று அழாக்குறையாகக் கேட்டார். வராதுதான். நீங்கள் ஏற்கனவே உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்கான அத்தாட்சியே குக்கி. அதைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் பாஸ்வேர்டும் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. தேடிப் பார்த்ததில் மகன், ஏதோ கொம்பியூட்டர் விளையாட்டில் குறுக்குவழியில் வெல்ல உதவும் சீட் (cheat) என்று யூடியூப் வீடியோவின் கீழே இருந்த இணைப்பில் ஒரு ஸிப் இறக்கியிருந்தான். அதைத் திறக்கப் பாஸ்வேர்டையும் அங்கேயே போட்டிருந்தார்கள். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுவதே அன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். "அன்டிவைரஸை நிப்பாட்டிவிட்டுத் திறக்கவும்" என்றும் எழுதியிருந்தது. இதற்கு மேல் எப்படித்தான் எச்சரிப்பது?

அந்தக் கொம்பியூட்டரும் போர்மட்டுக்குத்தான் போனது. கள்ளனின் கையில் திறப்பு இருக்கும்போது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை. முதலில் வேறொரு சுத்தமான கைபேசியிலிருந்து எல்லா இடத்திலும் லொக் அவுட் செய்து, பாஸ்வேர்ட்களை மாற்றியிருக்க வேண்டும், ஜிமெயிலில் தொடங்கி. நோய் பிடித்த கொம்பியூட்டரில் இருந்தே மாற்றினால் புதியதும் அவனுக்கே போகும். கடையில் இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

போர்மட் அடித்த பிறகும் அதே கள்ளத் தேடல் பக்கம் திரும்பி வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: ஒத்திசைவு. குரோமில் உங்கள் கணக்கைப் போட்டவுடன் பிரவுசரில் சேர்த்திருந்த பழைய எக்ஸ்டென்ஷன்கள், அதாவது துணை நிரல்கள், எல்லாம் தாங்களாகவே வந்து உட்காரும், பழுதானதும் சேர்த்து. வீட்டுக் கொம்பியூட்டரில் குரோமின் மெனுவுக்கு அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சில அன்டிவைரஸ்களும் அப்படிக் காட்ட வைக்கும்தான், ஆனால் அப்படி ஒன்றும் போடாத வீட்டில் எந்த நிறுவனம் வந்து நிர்வகிக்கிறது?

அப்புறம் பாமினி என்ற தமிழ் எழுத்துரு. ஆங்கிலப் பெயரில் தேடி, வரும் முதல் தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தி, "பாமினி செட்டப்" என்று ஒரு எக்ஸி கோப்பை, அதாவது ஒரு நிரலையே, ஓட விடுகிறார்கள். எழுத்துரு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பாகத்தான் வரும். எக்ஸியாக வந்தால் அதோடு வேறு என்ன சேர்ந்து வருகிறது என்று யோசிக்க மாட்டீர்களா? ரியூஷன் நோட்ஸ் தேடுகிற பிள்ளைகளும் இப்படித்தான். இப்போது புதிதாக இன்னொன்று: "ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் R எழுத்தையும் அழுத்தி, ஒட்டி, என்டர் அடியுங்கள்" என்று கேட்கும் போலிப் பக்கங்கள். அங்கே நீங்கள் ஒட்டுவது திருடியை இறக்கும் கட்டளை. எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

என் கோபத்தின் பெரும்பங்கு கடைகளுக்குத்தான். போர்மட் என்ற பெயரில் அவர்கள் போடுவது கிராக் விண்டோஸ், அதாவது திருட்டுப் பிரதி. அதை உயிர்ப்பிக்க ஒரு அக்டிவேட்டர். அது ஓட, விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்த வேண்டும். போலி கேஎம்எஸ்பிக்கோ அக்டிவேட்டர்களுக்குள் கிரிப்ட்பொட் என்ற திருடி ஒளிந்திருந்ததை 2021இலேயே ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் எழுதிவிட்டது. சித்தப்பாவின் மடிக்கணினி கடையிலிருந்து வந்த அன்றே டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது! அதாவது, சி டிரைவில் எது இருந்தாலும் கண்டுகொள்ளாதே என்று காவல்காரனுக்கே கட்டளை. அப்டேட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். போட்டதும் விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றும் கடைக்காரரின் பாஸ்வேர்டோடு ஒவ்வொரு தடவையும் தானாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. "பிறகு பிரச்சினை எண்டா வீட்டிலயிருந்தே பார்க்கலாம் அண்ணா" என்றார் பொடியன். அனுமதியில்லாமல் ஒருவருடைய கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம் என்றேன். சிரித்தார்.

ஆகவே இனி கொம்பியூட்டரைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கும்போது கவுண்டரிலேயே வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எல்லாம் பச்சையாக இருக்கிறதா, எக்ஸ்க்ளூஷன் பட்டியல் வெறுமையா, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் டிஃபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கேனையும் அங்கேயே ஓட விடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் அதில் அகப்பட வாய்ப்புண்டு, கால் மணித்தியால வேலை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நில்லுங்கள். எனக்குக் கோல் எடுப்பதென்றால் இவ்வளவும் பார்த்த பிறகு எடுங்கள்.